மல்லிகைத் தோட்டத்தில் விழுந்த கடல்

கீழச்சருகுப்பட்டியில் கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் ஏழே பேர், அந்த ஏழு பேரும் சாம்பல் கரைக்க ராமேசுவரம் போய் வந்தவர்கள், அதனால் அந்த ஊரில் கடல் என்று பேச்செடுத்தாலே யார் வீட்டில் யார் செத்தது என்றுதான் அடுத்த பேச்சு வரும். அப்படிப்பட்ட ஊரில், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பாண்டிமீனா பூ எடுத்து முடித்து இடுப்பை நிமிர்த்திய நேரத்தில், குக்கர் விசில் போல ஒரு சத்தம் வானத்திலிருந்து இறங்கி வந்து, மூன்றாவது வரிசை மல்லிகைமேல் ஓர் அண்டா நிறையத் தண்ணீராக விழுந்து உடைந்தது.

அவள் மேலே பார்க்கவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம்தான் பார்த்தாள். அங்கே முனீஸ்வரி கத்தரிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, வாய் கொப்புளிச்ச தண்ணிய இந்தப் பக்கமா ஊத்துறீங்க?"

"நான் வாய் கொப்புளிச்சு மூணு மணி நேரமாச்சு. ஒந்தோட்டத்துல வுழுந்தத ஒங்க வீட்டுல போயி கேளு."

பாண்டிமீனா இலையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தாள். கரித்தது. உப்பு கரைத்து ஊற்றியிருக்கிறாள் பாவி என்று நினைத்துக்கொண்டே மூன்றாவது வரிசையைக் கிணற்றுத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அவள் புருசன் தவசி மஸ்கட்டில் ஒரு குடோனில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போய் மூன்று வருசம், மகளுக்கு நாலு வயது, வீட்டில் அடுப்பு எரிவது அந்த நாற்பது சென்ட் மல்லிகையால், மல்லிகைக்கு உப்பு காட்டினால் வேர் கருகிப் போகும் என்பது முனீஸ்வரிக்கும் தெரியும். அதனால் அன்றைக்குச் சாயந்தரம் முனீஸ்வரியின் கத்தரிமேலும் ஓர் அண்டாத் தண்ணீர் விழுந்தபோது பாண்டிமீனா கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் வானத்தைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு தண்ணீர் நாள்தோறும் விழுந்தது. டீக்கடைக் கூரையில் விழுந்தது, கருப்பர் கோயில் குதிரைமேல் விழுந்தது, ஊர்த் தலைவரான அம்பலக்காரர் வீரணன் புதிதாக அடித்த பச்சைப் பெயிண்டின்மேல் விழுந்து கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பியது. ஒருதடவை இரண்டு வெள்ளி மீனோடு விழுந்தது, அதைக் குழம்பு வைத்த வீட்டுக்காரர்கள் மீன் தங்கள் வாசலில் விழவில்லை என்று பக்கத்து வீட்டில் சத்தியம் பண்ணினார்கள், மணம் மட்டும் தெரு முழுக்க உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. விசில் கேட்டால் துணி காயப்போட்டவர்கள் துணியை எடுத்தார்கள், மாங்காய் ஊறுகாய் போடுகிறவர்கள் குடத்தை எடுத்து வைத்தார்கள், ஆடுகள் வீட்டுச் சுவரை நக்கிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போக மறுத்தன, மழைபோல இதுவும் ஒன்று என்று எல்லோரும் இருந்திருப்பார்கள், பால்காரன் சோலையழகு மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்.

சோலையழகு டீக்கடையில் சொன்னான்: "இது குறி தப்பின குண்டுத் தண்ணி. போன்ல கப்பல் சண்டை கேம் இருக்குல்ல, அதுல குண்டு கப்பல்மேல படலைனா கடல்ல வுழும், வுழுந்தா வெள்ளையாத் தண்ணி மேல எந்திரிக்கும். மேல போற தண்ணிய அப்புறம் எவனும் பாக்குறதில்ல."

"மேல போனது எங்கயாச்சும் எறங்கித்தானே ஆகணும்," என்றார் டீக்கடைக்காரர், அவருக்கு அது சரியாகத்தான் பட்டது. எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. அதோடு, இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறவன்தான் இதைச் செய்கிறவன் என்பதும் அடுத்த வாய் டீ உள்ளே போவதற்குள் எல்லோருக்கும் பட்டுவிட்டது.

சோலையழகைக் கோயில் திடலில் உட்கார வைத்து, ஊர் சுற்றி நின்று பார்க்க, போனைக் கையில் கொடுத்துச் சுடச் சொன்னார்கள். முப்பது குண்டு சுட்டான், முப்பதும் தண்ணீரில் விழுந்தது, கீழச்சருகுப்பட்டியில் ஒரு சொட்டு விழவில்லை. அவன் வேண்டுமென்றே தப்பவிட்டான் என்றார்கள் சிலர். வேண்டுமென்றே தப்பவிட்டால்தானே தண்ணீர் விழ வேண்டும் என்று கேட்டதற்கு, அதுதான் அவன் சாமர்த்தியம் என்றார்கள். கடைசியில் ஊரில் உள்ள போனையெல்லாம் வாங்கிக் கோயில் பெட்டியில் போட்டு மூன்று நாள் பூட்டி வைத்தார்கள், அந்த மூன்று நாளும் தண்ணீர் எப்போதும்போல விழுந்தது, அதிலும் பாண்டிமீனாவின் தோட்டத்தில் அதிகமாக விழுந்தது, மூன்றாம் நாள் அவள் கிணற்றுக்குள்ளேயே இரண்டு விழுந்து கிணறும் உப்பாகிவிட்டது.

அப்படியானால் சுடுகிறவன் ஊரில் இல்லை. ஊரில் இல்லாத ஆம்பிளைகள் பதினாறு பேர், பதினாறு பேரும் வெளிநாட்டில். அம்பலக்காரர் உடனே அந்தப் பதினாறு வீட்டுப் பெண்களையும் கருப்பர் முன்னால் கூப்பிட்டார். அந்த ஊரில் வழக்கம் இப்படி: புருசன் ஊரில் இல்லாவிட்டால் அவனுக்காகப் பெண்டாட்டி சூடம் அணைத்துச் சத்தியம் செய்யலாம், அவள் கை பட்டு அணைந்த சூடம் அவன் கை பட்டு அணைந்ததுதான், அதற்குமேல் அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. அதனால் பதினாறு ஆம்பிளைகளில் ஒருவனுக்குக்கூட யாரும் போன் போட்டு நீ விளையாடுகிறாயா என்று கேட்கவில்லை. பதினாறு பெண்களும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்து எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். பாண்டிமீனா அடித்த அடியில் தட்டே உருண்டு போனது. "எங்க வீட்டுக்காரருக்குச் சோறு திங்கவே நேரமில்ல, இதுல கப்பல் விடுறாராக்கும்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மற்றப் பெண்கள் வீட்டுக்குப் போய் யோசித்தார்கள். சூடம் அணைத்த கை சூடு ஆறுவதற்குள் ஒவ்வொருத்திக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. முனீஸ்வரியின் புருசன் சிங்கப்பூரிலிருந்து பேசும்போது எது கேட்டாலும் "ம்" என்பான், அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாலும் "ம்", ஆடு குட்டி போட்டது என்றாலும் "ம்". இன்னொருத்தியின் புருசன் பேச்சுக்கு நடுவில் திடீரென்று "செத்தான்டா" என்பான், யார் என்று கேட்டால் டிவி என்பான். ஒருத்தியும் இதை வெளியில் சொல்லவில்லை. அடுத்தவள் புருசனைப் பற்றி மட்டும் குழாயடியில் நிறையப் பேசினார்கள்.

பாண்டிமீனா தன் புருசனைச் சந்தேகப்படவில்லை. ஒரு திங்கள்கிழமை பதினொரு மணிக்கு அவனே கூப்பிட்டான். அவள் காய்ந்த மூன்றாம் வரிசையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே பேசினாள். போனுக்குள் "டும்" என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மேலே விசில் கேட்டது, கிணற்று ஓரத்தில் தண்ணீர் விழுந்தது. மறுபடி டும். மறுபடி தண்ணீர். மூன்றாவது டும்முக்கு அவள் மனசுக்குள் எண்ணினாள், ஒன்பது எண்ணியதும் விழுந்தது.

"அது என்ன மச்சான் சத்தம்?"

"குடோன்ல பெட்டி எறக்குறாங்க."

"அங்க பெட்டி எறக்கினா, ஒம்பது எண்றதுக்குள்ள இங்க நம்ம செடிமேல தண்ணி வுழுகுது மச்சான்."

"ரூம்ல ஒரு பய கேமை ஏத்திக் கொடுத்தான் மீனா. சும்மா பொழுது போகாமத்தான். எங்குண்டு அங்க எப்படி வரும்?"

"எப்படி வந்துச்சுன்னு பெறகு பாப்போம். நிறுத்துங்க."

நிறுத்துகிறேன் என்றான். மறுநாள் பகலுக்குள் எட்டாவது வரிசையில் விழுந்தது. மகள்மேல் சத்தியமாக நிறுத்துகிறேன் என்றான், அதற்கு மறுநாள் காலையிலேயே நாலு விழுந்தது. அவள் தோட்டத்தில் நின்று மொட்டு உதிர்ந்த செடிகளைப் பார்த்தாள். ஓடுகிற மாட்டை நிறுத்த முடியாவிட்டால் ஒழுங்காக ஓட்டவாவது வேண்டும் என்று நினைத்துப் போனை எடுத்தாள்.

"கேமைத் தொறங்க மச்சான்."

"என்ன?"

"தொறங்க. நீங்க சுட்டா தப்புது, தப்புனா எஞ்செடியில வுழுகுது. தப்பாமச் சுடுங்க. கப்பல் எந்தப் பக்கம் போகுது?"

"எடப்பக்கமிருந்து வலப்பக்கம்."

"குறிய எங்க வச்சீங்க?"

"கப்பல் நடுவுல. வேற எங்க வைக்க?"

பாண்டிமீனா கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருசம் ஆடு மேய்த்தவள். கம்பு எடுத்துக்கொண்டு ஆட்டின் பின்னால் ஓடுகிறவள் அவள் இல்லை, நின்ற இடத்திலிருந்து ஒரு கல்லை விட்டு ஆட்டைத் திருப்புகிறவள்.

"ஓடுற ஆட்டப் பாத்துக் கல்ல விட்டா, கல்லு போயிச் சேர்றப்ப ஆடு அங்கயா நிக்கும்? அது மூக்குக்கு முன்னால விடணும். கிட்டக்கன்னா நாலடி முன்னால, எட்டக்கன்னா பத்தடி முன்னால. ஒங்க குண்டு போயிச் சேர ஒம்பது எண்ணணும். ஒம்பது எண்றதுக்குள்ள கப்பல் எங்க போயிருக்குமோ அங்க சுடுங்க, இப்ப நிக்கிற எடத்துல என்ன இருக்கு?"

"குறியில சின்னச் சின்னக் கோடு இருக்கு, ஸ்கேலு மாதிரி."

"அப்ப கப்பலுக்கு ரெண்டு கோடு முன்னால வச்சு விடுங்க. நான் எங்க வுழுகுதுன்னு பாத்துச் சொல்றேன்."

டும். அவள் எண்ணினாள். ஒன்பதில் விழுந்தது.

"கெணத்தத் தாண்டி நாலாவது வரிசை. முன்னயெல்லாம் கெணத்தடியிலதான் வுழுந்துச்சு. நகருது மச்சான், இன்னும் முன்னால வைங்க."

"நாலு கோடு."

"பதினோராவது வரிசை. வேப்பமரத்துப் பக்கம் வந்துக்கிட்டிருக்கு."

"ஏழு வச்சுட்டேன்."

விசில் அவள் தலைக்குமேல் போய், வேப்பமரத்தையும் வரப்பையும் தாண்டி, அந்தப் பக்கம் சளார் என்று விழுந்தது. களை வெட்டிக்கொண்டிருந்த முனீஸ்வரி நனைந்த தலையோடு எழுந்து நின்று, காதில் போனும் கண்ணில் வானமுமாக நின்ற பாண்டிமீனாவைப் பார்த்தாள்.

"ரொம்ப முன்னால போயிருச்சு," என்று பாண்டிமீனா போனுக்குள் மெல்லச் சொன்னாள். "முனீஸ்வரி மதினி மேல."

"அடப் பாவமே."

"அவுக காஞ்சிருவாக. அஞ்சு வைங்க."

டும் என்றது. அவள் ஒன்பது எண்ணினாள், பத்து எண்ணினாள், பதினைந்து வரைக்கும் எண்ணினாள். வானத்திலிருந்து எதுவும் வரவில்லை. போனுக்குள் மட்டும் ஏதோ வெடித்து எரிகிற சத்தமும் தவசி மூச்சை விட்ட சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு சாய்ந்து போகிற கப்பலுக்கு அந்தக் கோடுகளில் பாதி போதும் என்றும், நேரே மூக்கைக் காட்டி வருகிற கப்பலுக்குக் கோடே வேண்டாம் என்றும், திரும்புகிற கப்பலுக்கு முகத்தைப் பார்க்காமல் புகை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்க வேண்டும் என்றும் இருவருமாகக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு தண்ணீர் மல்லிகையில் விழத்தான் செய்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது இருபது குண்டுக்கு இருபதும் கப்பலில் விழுந்தது, தோட்டம் நனையாமல் நின்றது, கல்யாணமான புதிதில் பேசியதற்குப் பிறகு அவர்கள் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

அப்போதுதான் அவளுக்கு அது பட்டது.

"மச்சான், இன்னைக்குப் புதன்கெழம. இங்க மணி பன்னெண்டு, ஒங்களுக்குப் பத்தரை. மூணு மணி நேரமா என்கூடப் பேசிக்கிட்டிருக்கீங்க."

அவன் பக்கத்தில் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"குடோனை மூடிட்டாங்க மீனா. நாப்பது நாளாச்சு. டிக்கெட்டு போட்டுத் தர்றோம், இருங்கன்னு சொல்லியிருக்காங்க. கட்டிலுக்கு எதுத்தாப்புல ஒரு சுவரு, அதுல ஒண்ணும் இல்ல. எம்புட்டு நேரந்தான் அதப் பாக்குறது?"

சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அதற்கு அவன் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னான், அதனால் அந்தப் பதிலை அவள் நம்பவில்லை.

இனித் தண்ணீர் விழாது, ஆனால் விழுந்த உப்பு மண்ணுக்குள் இருந்தது. நல்ல தண்ணீர் விட்டு மூன்று தடவையாவது மண்ணைக் கழுவி வடித்தால்தான் செடி பிழைக்கும், பதினைந்து நாள் தாண்டினால் பிடுங்கிப் போட வேண்டியதுதான். கிணறு உப்பு. மிச்சம் கண்மாய்தான், தெற்கு மடையில் வியாழக்கிழமை மட்டும் தண்ணீர் திறப்பார்கள், அந்த மடையில் சூடம் அணைத்த அதே பதினாறு வீட்டுக்கும் வீட்டுக்கு அரை மணி நேரம் முறை. அரை மணித் தண்ணீர் அவள் தோட்டத்தில் பாதி தூரம்கூடப் போகாது. கூடுதலாகத் தண்ணீர் கேட்டு அம்பலக்காரரிடம் போனாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒந்தோட்டத்துல நாலு நாளா ஒண்ணும் வுழுகலையாமே?"

"ஆமா."

"மத்த எடத்துல அங்கொண்ணு இங்கொண்ணு வுழுகுது. ஒந்தோட்டத்துல மட்டும் டக்குன்னு நின்னு போச்சு. நீ போனுல பேசிக்கிட்டே வானத்தப் பாத்தத முனீஸ்வரி பாத்திருக்கா. சுடுறவன ஒனக்குத் தெரியும். ஆளச் சொல்லு. அவன் வீட்டு முறைத் தண்ணிய இந்த வருசம் பூரா ஒனக்கே தர்றேன்."

மறுநாள் மறுபடி பதினாறு பேரையும் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். சந்தேகம் தீராமல் சோலையழகின் பாலைப் பாதிப் பேர் நிறுத்திவிட்டிருந்தார்கள், அவன் திடலின் ஓரத்தில் காலிக் கேனோடு நின்றான். தட்டில் சூடம் எரிந்தது. தெரியாது என்று சொல்லி அணைத்துவிட்டால் அவளுக்கு அவளுடைய அரை மணியாவது மிஞ்சும். பாண்டிமீனா கையைத் தூக்கினாள், அந்தக் கை சூடத்துக்கு மேலே போய் நின்றது, இறங்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர்தான்," என்றாள்.

அம்பலக்காரர் சிரித்தார்.

"ஒம் புருசன் வீட்டு முறைய ஒனக்கே குடுக்கச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் கேக்கல. அவர்தான் சுட்டாரு. வேலை போயி நாப்பது நாளாச்சு, ரூம்ல சும்மா இருக்காரு, குறி பாக்கத் தெரியாமச் சுட்டாரு. இப்பத் தெரியும், அதான் வுழுகல. பால்காரரை விட்டுருங்க."

வேலை போனதை எந்தப் பெண்ணாவது ஊர்ச்சபையில் சொல்வாளா என்று ஒருவர் கேட்டார். முதலிலேயே அவனுக்காக அவள் சூடம் அணைத்துவிட்டாள், கருப்பர் முன்னால் அணைந்த சூடத்தைத் திரும்பப் பற்றவைக்கிற வழக்கம் இங்கே இல்லை என்றார் பூசாரி. இவள் சொல்வது உண்மையாக இருக்காது, யாரையோ காப்பாற்றுகிறாள் என்று அம்பலக்காரர் தீர்ப்புச் சொன்னார். ஆளைச் சொல்லாததால் கூடுதல் தண்ணீர் கிடையாது, அவள் அரை மணி அவளுக்கு, அவ்வளவுதான். பாண்டிமீனா உண்மையைச் சொன்ன வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவள் பின்னால் பதினைந்து பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு பதினைந்து வழியாகப் போனதை அவள் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்தது. மடை திறந்து, தன் அரை மணித் தண்ணீர் ஆறாவது வரிசையோடு நின்று போனதைப் பார்த்துக்கொண்டு அவள் மண்வெட்டியோடு நின்றபோது, அடுத்த முறைக்காரியான முனீஸ்வரி வந்தாள்.

"எனக்கு இன்னைக்கு இடுப்புப் புடிச்சிருக்கு. தண்ணி சும்மாத்தான் போகும். நீயே திருப்பிக்க."

சொல்லிவிட்டு, இடுப்புப் பிடித்தவள் தன் மண்வெட்டியால் நாலே வெட்டில் வாய்க்காலைப் பாண்டிமீனாவின் பக்கம் திருப்பினாள். போகும்போது திரும்பாமல், "மனசுல வச்சுக்கிறேன்டி. எங்க வீட்டு மனுசன நீ சொல்லிக் குடுக்கல," என்றாள், பாண்டிமீனா வாயைத் திறப்பதற்குள் வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த அரை மணிக்காரி தன் வயலில் ஈரம் இருக்கிறது என்றாள். அங்கே புழுதி பறந்துகொண்டிருந்தது. அதற்கடுத்தவள் இந்த வருசம் விதைக்கப் போவதில்லை என்று முளைத்து நின்ற கேழ்வரகுக்கு முன்னால் நின்று சொன்னாள். ஒருத்தி காரணமே சொல்லவில்லை, கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு வாய்க்காலைத் திருப்பினாள். வெயில் சாயும்போது பதினைந்து வீட்டு முறையும் மல்லிகைக்குள் போய், உப்பைக் கரைத்து, கீழ்வரப்பில் கலங்கலாக வடிந்துகொண்டிருந்தது. பதினைந்து பெண்களும் வரப்பில் வரிசையாக நின்றார்கள். மற்றப் பதினாலு பேருக்கும் என்ன பைத்தியம், எதற்கு இவளுக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்று ஒவ்வொருத்தியும் ஓரக்கண்ணால் அடுத்தவளை நோட்டம் விட்டாள்.

போன் அடித்தது. தவசி.

"டிக்கெட்டு வந்துருச்சு மீனா. ஞாயித்துக்கெழம வர்றேன். ஊருக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். யாரும் நம்பல. வந்து மம்பட்டியப் புடிங்க, வேலை கெடக்கு. இப்பக் கையில என்ன வச்சிருக்கீங்க?"

"போனுதான். அதுலதானே ஒங்கூடப் பேசுறேன். கேமைக்கூட அழிச்சுட்டேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் தலைக்குமேல் விசில் கேட்டது. அந்த வரப்பில் நின்ற யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்மாய்க் கரையில், யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில், வெள்ளையாகத் தண்ணீர் விழுந்து உடைந்தது.

பதினைந்து பெண்களும் ஒரே நேரத்தில் குனிந்து மண்வெட்டியை எடுத்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், மல்லிகைக்குப் போகிற வாய்க்காலை ஆளுக்கொரு வெட்டு அகலமாக்கினார்கள்.